பெயரும் பாடமும்

1958ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. முந்தைய ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றியதாகையால் அதனை 1957ஆம் ஆண்டுச் சட்டம் என்றே வழங்குவர். அச்சட்டத்தின் 57ஆம் பிரிவு, அதுவரை இந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் இடம்பெறாத ஒரு செய்தியைச் சொல்லிற்று. நூலையோ பாட்டையோ ஓவியத்தையோ ஆக்கியவர், அதன்மேலுள்ள பதிப்புரிமை முழுவதையும் பிறருக்கு எழுதிக் கொடுத்துவிட்ட பின்னரும், அது தம் ஆக்கமே என்று உரிமை கொண்டாடலாம். அதனை எவரேனும் சிதைத்தோ திரித்தோ வெளியிட்டால் தடுக்கலாம், இழப்பீடும் கேட்கலாம். 'ஆக்கியோனின் சிறப்புரிமைகள்' என்பது அப்பிரிவின் தலைப்பு. உலக வழக்கில் இவற்றைத் தார்மிக உரிமைகள் என்பர்.

அதே 1958ஆம் ஆண்டில் போடிநாயக்கனூருக்கு மேலேயுள்ள மலைநாட்டில் ஓர் இடைத்தேர்தல் நடந்தது. கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் முந்தைய ஆண்டு பொதுவுடைமைக் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி, வேறொருவரின் வேட்புமனு முறையின்றித் தள்ளப்பட்டது என்ற காரணத்தால் செல்லாததாயிற்று. ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் அமைச்சரவை குறுகிய பெரும்பான்மையில் நின்றமையால், ஒரு தொகுதியே ஆயினும் அதனை இழக்க அக்கட்சி விரும்பவில்லை. அத்தொகுதியின் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் நெஞ்சைத் தொட மலையாளப் பேச்சு போதாது. தமிழ்ப் பாட்டு வேண்டியிருந்தது. மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் ஆர்மோனியத்தோடு மலையேறியது அப்போதுதான். ரோசம்மா மீண்டும் வென்றார். அந்த அமைச்சரவையில் சட்டத்துறையைக் கவனித்தவர் வி.ஆர். கிருஷ்ணய்யர்.

ஜனவரியில் வந்த சட்டத்தையும் எஸ்டேட் லயங்களின் முன்னே ஒலித்த பாட்டையும் அன்று எவரும் இணைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆயினும் அடுத்த ஏறத்தாழ 60 ஆண்டுகளில் அந்தச் சட்ட அமைச்சர், அந்தப் பாடகரின் தம்பி, அந்த 57ஆம் பிரிவு ஆகிய மூன்றும் இந்தியப் பதிப்புரிமை வரலாற்றில் ஒன்றையொன்று தொட்டன. பாட்டெழுதுவோரும் பாடுவோரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

தார்மிக உரிமை என்பதை விளங்கிக்கொள்ளப் போடி மக்களுக்கு வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. ஏலம் ஏலத்துக்கு வரும் ஊர் இது. சாந்தன்பாறையிலோ பூப்பாறையிலோ விளைந்து, உலர்ந்து, மூட்டையில் கட்டுண்டு கீழிறங்கும் காய், விலை படிந்த கணத்தில் கைமாறுகிறது. பயிரிட்டவருக்கும் சரக்குக்கும் இருந்த உறவு அத்துடன் தீர்ந்தது. வாங்கியவர் அதனைச் சலித்துத் தரம் பிரிக்கலாம். வேறொரு தோட்டத்துக் காயோடு கலக்கலாம். தம் வணிகப் பெயரிட்டு வடநாட்டுக்கு அனுப்பலாம். விளைவித்தவர் அதைக் கேட்பதில்லை; கேட்க நினைப்பதுமில்லை. பதிப்புரிமையின் ஒரு பாதி இத்தகையதே. அச்சிடும் உரிமை, இசைத்தட்டாக்கும் உரிமை, திரைப்படமாக்கும் உரிமை ஆகியவற்றை மூட்டையைப் போலவே விற்கலாம், வாங்கலாம். மற்றப் பாதி கைமாறுவதில்லை. கவிதையை வாங்கியவர் கவிஞரின் பெயரை நீக்கவோ, தமக்கு வேண்டாத அடியை வெட்டி வேறோர் அடியைச் செருகவோ இயலாது. முன்னது பொருளுரிமை, பின்னது பெயரையும் பாடத்தையும் காக்கும் உரிமை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதே இந்நாட்டில் நடந்த பல சர்ச்சைகளுக்கு வேர்.

சட்டமாக இது புதிது. எண்ணமாகத் தமிழுக்குப் புதிதன்று. சிறப்புப்பாயிரம் உணர்த்த வேண்டிய எட்டுச் செய்திகளை நன்னூலார் அடுக்குமிடத்து ஆக்கியோன் பெயரையே முதலில் வைக்கிறார். நூற்பெயர்கூட அதற்குப் பின்னரே வருகிறது. ஞானசம்பந்தர் தம் பதிகங்களின் இறுதிப் பாடலாகிய திருக்கடைக்காப்பில் தம் பெயரைப் பொதிந்து வைத்தார். பெயரைப் பாட்டின் யாப்போடு பின்னிவிட்டால் பின்வருவோர் அதனைப் பிரித்தெடுத்தல் அரிது. கீர்த்தனை ஆசிரியர்களின் முத்திரையும் அவ்வாறே. இவர்களெல்லாரும் புகழுக்காக அவ்வாறு செய்தனர் என்று கொள்வது பொருந்தாது. பாட்டு வாய்வழி நடக்கும் உலகில், பெயரில்லாத பாட்டு எவர் வீட்டுக்கும் பிள்ளையாகிவிடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இதனினும் வியப்புக்குரியது சங்கத் தொகையாளர் செயல். பாட்டு கையில் இருக்கிறது. பாடியவர் பெயர் மறைந்துவிட்டது. அந்நிலையில் அவர்கள் பெயரிடத்தை வெறுமையாக விட்டுச்செல்லவில்லை. பாட்டிலேயே ஒளிவிடும் தொடர் ஒன்றை எடுத்து அதனையே புலவருக்குப் பெயராக்கினர். செம்புலப்பெயல்நீரார், தேய்புரிப் பழங்கயிற்றினார், அணிலாடு முன்றிலார் என்னும் பெயர்கள் இவ்வாறு பிறந்தவை. பெயரறியாப் புலவருக்கு அவர் சொல்லையே பெயராக மீட்டுக் கொடுத்த இச்செயலுக்கு ஈடான பிரிவு எந்நாட்டுச் சட்டத்திலும் இல்லை எனலாம்.

பாடத்தைக் காப்பதில் நிலைமை அத்துணைத் தூய்மையானதன்று. ஏடெழுதுவோர் கைப்பிழையும், கற்றறிந்தோர் கைவண்ணமும் ஒருங்கே புகுந்தன. கம்பன் காவியத்தில் பிற்காலத்தார் நுழைத்த செய்யுட்களுக்கு வெள்ளிப்பாடல் என்று தனிப்பெயரே ஏற்பட்டது. உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் ஏட்டுக்கு ஏடு வேறுபடும் பாடங்களை அடிக்குறிப்பில் தந்து, தீர்ப்பைக் கற்பவரிடம் விட்டனர். ரசிகமணி டி.கே.சி. மாறான வழியில் சென்றார். தம் சுவையுணர்வையே உரைகல்லாகக் கொண்டு, கம்பன் வாக்காக இருத்தலாகாது என்று தமக்குத் தோன்றிய பாடல்களை நீக்கியும், சில இடங்களில் சொற்களை மாற்றியும் 'கம்பர் தரும் ராமாயணம்' வெளியிட்டார். புலவருலகம் அதனைக் கடுமையாக எதிர்த்தது. டி.கே.சி.யைப் போல் கம்பனை மக்களிடம் கொண்டு சென்றவர் சிலரே என்பதில் ஐயமில்லை. ஆயினும் தம்மால் மறுமொழி கூற இயலாத ஒருவரின் பாடத்தில் கைவைக்கும்போது அன்பு மட்டும் போதிய சான்றாகாது.

ஆங்கிலேயர் கொண்டுவந்த பதிப்புரிமைச் சட்டம் இவை எதனையும் கருதவில்லை. 1911ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டத்தை அடியொற்றி 1914இல் இங்கு அமைந்த சட்டம், நூலை ஆக்கியவரின் வாழ்நாளும் அதன்பின் 50 ஆண்டுகளும் நிலைக்கும் சொத்தாக மட்டுமே கண்டது. அச்சட்டத்தின் கீழ்தான் பாரதியின் பாடல்கள் கைமாறின.

1921 செப்டம்பரில் பாரதி மறைந்தபோது குடும்பத்துக்கு எஞ்சியது அவர் எழுத்து. நூல்களை அச்சிடும் உரிமை அவருடைய தம்பி சி. விசுவநாதனிடம் சென்றது. பாடல்களை இசைத்தட்டிலும் திரையிலும் பயன்படுத்தும் உரிமை தனியே பிரிந்து, பிறர் கைக்குச் சென்று, இறுதியில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. 1947இல் அவர் எடுத்த 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன. டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலொன்று இடம்பெறவே உரிமைப் பூசல் எழுந்தது. நாட்டு விடுதலையைப் பாடியவரின் பாட்டுக்கே விடுதலையில்லையா என்ற கேள்வி எழுத்தாளரிடையே பரவிற்று. நாரண துரைக்கண்ணன் முதலியோர் அதனை ஓர் இயக்கமாக்கினர். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் அரசு 1949இல் உரிமைகளைப் பெற்றுக்கொண்டது. மெய்யப்பச் செட்டியார் தம் உரிமையை விலை கேளாமலே அளித்தார். இவ்வரலாற்றை ஆ.இரா. வேங்கடாசலபதி 'பாரதி: கவிஞனும் காப்புரிமையும்' என்ற நூலில் ஆவணங்களுடன் எழுதியிருக்கிறார்.

இந்நிகழ்ச்சியைத் தமிழகம் பெருமையோடு நினைவுகூர்கிறது, நினைவுகூரத்தக்கதே. எனினும் அன்றைய விவாதத்தில் விடுபட்ட ஒன்றுண்டு. பாரதியை யார் பாடலாம், யார் அச்சிடலாம் என்பதே பேச்சாக இருந்தது. எப்படி அச்சிட வேண்டும் என்பது பேச்சாகவில்லை. எவரும் வெளியிடலாம் என்ற நிலை வந்தபின், பாடல்கள் குறைந்த விலையில் வீடுதோறும் சென்றன. பாடவேறுபாடுகளும் உடன் சென்றன. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987இல் பாரதி பாடல்களுக்கு ஆய்வுப் பதிப்பு வெளியிட நேர்ந்ததன் தேவையே, பாடத்துக்குக் காவல் இல்லாதிருந்ததைக் காட்டும்.

பாரதிக்குப் பின் பாரதிதாசன், அண்ணா, கல்கி எனப் பலருடைய நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டன. நாட்டுடைமை என்றால் உரிமையாளரே இல்லாத பொருள் என்ற எண்ணம் பதிப்பாளரிடையே உண்டு. பத்திகளை வெட்டியும், தலைப்பை மாற்றியும், முன்னுரையை நீக்கியும் வரும் பதிப்புகள் அதற்குச் சான்று. பொருளுரிமையை விட்டுக் கொடுத்தவர் பெயரையும் பாடத்தையும் விட்டுக் கொடுத்தவராகார் என்பதே 57ஆம் பிரிவின் பொருள். ஆக்கியவர் மறைந்தபின் அவருடைய சட்டப்படியான பிரதிநிதிகள் அதனைக் கேட்கலாம். முன்பு இதற்குக் கால எல்லை இருந்தது. பதிப்புரிமைக் காலம் முடியுமுன் நிகழ்ந்த சிதைவுக்கு மட்டுமே வழக்குண்டு என்ற சொற்களை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. படைப்பு தமதே என்று உரிமை கொண்டாடுதல் ஆக்கியோருக்கு மட்டும் உரியது, பிரதிநிதிகளுக்கு இல்லை என்றிருந்த தடையும் அப்போதே நீங்கிற்று.

இவ்வுரிமைக் கொள்கை பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு நீதிமன்றங்களில் உருப்பெற்றது. 1886இல் ஏற்பட்ட பெர்ன் உடன்படிக்கையில் 1928ஆம் ஆண்டு ரோம் மாநாட்டில் இடம்பெற்றது. ஆங்கிலச் சட்ட மரபில் வந்த நாடுகள் இதனை ஏற்பதில் நெடுங்காலம் தயங்கின. இங்கிலாந்து 1988இல்தான் தனிச் சட்டப் பிரிவுகளாக்கிற்று. விடுதலை பெற்றுப் பத்தாண்டுகளே ஆன இந்தியா அதற்கு 31 ஆண்டுகள் முன்பே எழுதிவைத்தது என்பது குறிப்பிடத்தக்கது.

எழுதிவைத்தது உண்மை, எடுத்துப் பார்த்தவர் சிலரே. இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தம் 'ஆப்கா பண்டி' நாவலைத் திரைப்படமாக்கும் உரிமையை விற்றார். படத்தில் கதையின் போக்கும் முடிவும் உருமாறியிருப்பதாகக் கூறி வழக்குத் தொடுத்தார். பதிப்புரிமையை விற்றவர் சிறப்புரிமையை விற்றவராகார் என்பதை 1986இல் தில்லி உயர் நீதிமன்றம் தெளிவாக்கிற்று. சிற்பி அமர்நாத் சேகல் தில்லி விஞ்ஞான் பவனின் சுவரில் 140 அடி நீளமும் 40 அடி உயரமும் உள்ள வெண்கலச் சுவர்ச்சிற்பம் அமைத்து 1962இல் நிறைவு செய்தார். 1979இல் கட்டடத்தைப் புதுப்பிக்கையில் அரசு அதனைக் கழற்றிக் கிடங்கில் போட்டது. துண்டுகள் சில காணாமற்போயின. சிற்பம் அரசின் சொத்து. விலை கொடுத்து வாங்கியது. ஆயினும் 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பு, எஞ்சியவற்றைச் சிற்பியிடம் திருப்பித் தருமாறும் 5 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறும் ஆணையிட்டது. வழக்கு தொடங்கிய 13ஆம் ஆண்டில் கிடைத்த நீதி அது. இவ்வெற்றி எல்லார்க்கும் கிட்டுவதன்று. பிரகதி மைதானத்தின் 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' கட்டடம் 2017இல் இடிக்கப்பட்டபோது அதனை வடிவமைத்த ராஜ் ரேவல் தொடுத்த வழக்கை அதே நீதிமன்றம் 2019இல் ஏற்கவில்லை. கட்டடத்தைச் சிதைத்து நிறுத்தினால் புகழுக்கு ஊறு. அடியோடு இடித்துவிட்டால் பார்ப்பதற்கு எதுவும் இல்லையாதலால் ஊறும் இல்லை என்பது போன்ற தருக்கம் கலைஞருக்கு ஆறுதல் தருவதன்று.

இனி மலையடிவாரத்துக்கு மீளலாம். மேடைப் பாடகர்கள் மக்கள் நாவில் ஏற்கெனவே பழகிய மெட்டில் புதுச் சொற்களை ஏற்றிப் பாடுவது அக்காலத்துப் பொதுவழக்கு. நாட்டுப்புற மெட்டும் திரைப்பட மெட்டும் அவ்வாறு கட்சிப் பாட்டாயின. பாவலர் வரதராஜன் நின்று பாடியது அம்மரபில்தான். சட்டப் புத்தகத்தை விரித்து நோக்கினால் அதில் குறை காண இடமுண்டு. ஆனால் கேட்பவர் ஒவ்வொருவரும் மெட்டின் மூலத்தை அறிவர். பாடுபவர் அதனைத் தமதென்று சொல்லிக்கொண்டதில்லை. அதை எவருக்கும் விற்றதுமில்லை. பெயரை மறைத்துப் பொருளீட்டுவதற்கும் இதற்கும் நெடுந்தொலைவு. அண்ணனின் குழுவில் சிறுவனாகச் சேர்ந்த ராசையா ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஊரூராகச் சென்று வாசித்துப் பழகி, 1960களின் இறுதியில் சென்னை சென்று, 1976இல் 'அன்னக்கிளி' படத்தின் வாயிலாக இளையராஜா ஆனார். தம்பிமார் பின்னர்த் தொடங்கிய பட நிறுவனத்துக்குப் பாவலர் கிரியேஷன்ஸ் என்று பெயரிட்டனர். பாவலர் பாட்டின் மெட்டையோ சொல்லையோ அறியாதவரும் 1981இல் 'அலைகள் ஓய்வதில்லை' படத்தின் முதற்காட்சிக்கு முன் அப்பெயரைத் திரையில் படித்தனர்.

'அன்னக்கிளி' வெளிவந்த மறு ஆண்டில் உச்ச நீதிமன்றம் திரையிசையின் தலைவிதியை எழுதிற்று. இசையமைப்பாளர், பாடலாசிரியர் ஆகியோருக்காகக் கட்டணம் திரட்டும் சங்கத்துக்கும் கிழக்கிந்தியப் படத் தயாரிப்பாளர்களுக்கும் நடந்த வழக்கில், பணம் கொடுத்து இசையமைக்கச் செய்த தயாரிப்பாளரே, மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, அவ்விசைக்கு முதல் உரிமையாளர் என்று 1977இல் தீர்ப்பாயிற்று. அமர்விலிருந்த நீதிபதிகளுள் ஒருவர், முன்னாளில் தேவிகுளத்து வெற்றியால் காக்கப்பட்ட அமைச்சரவையில் சட்டம் பார்த்த அதே கிருஷ்ணய்யர். தீர்ப்பை அவர் ஏற்றார். ஆனால் அத்துடன் நிறுத்தாமல் தனியே ஒரு கருத்துரை சேர்த்தார். நம் மரபில் பாட்டுக்கு உயிர் கொடுப்பவர் பாடகர். சட்டமோ எழுதப்பட்ட இசைக்கு மட்டும் உரிமை தந்து பாடகரை வெளியே நிறுத்துகிறது. நாடாளுமன்றம் இதனைக் கருத வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். நீதிபதியின் அக்கருத்துரைக்கு நாடாளுமன்றம் முழுமறுமொழி சொல்ல 35 ஆண்டுகளாயின. 1994இல் நிகழ்த்துகலைஞர் உரிமை ஓரளவு வந்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் 38ஆ என்ற பிரிவால் அவர்களுக்கும் தார்மிக உரிமை வழங்கிற்று. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் திரையரங்குக்கு வெளியே தம் பாட்டு பயன்படும்போது ஈட்டுத்தொகையில் பங்கு பெறுவதை ஒப்பந்தத்தாலும் பறிக்க இயலாதென்று ஆக்கியதும் அத்திருத்தமே.

இந்தப் பின்னணியில் இளையராஜாவின் வழக்குகளைப் பார்த்தால்தான் அவை விளங்கும். 2017 மார்ச்சில், அமெரிக்காவில் கச்சேரி நடத்திக்கொண்டிருந்த எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கு அவர் தரப்பிலிருந்து சட்ட அறிவிப்பு சென்றபோது, நாற்பதாண்டு நட்பு முறிந்ததே என்று தமிழுலகம் வருந்தியது. நட்பு வேறு, சட்டம் வேறு. அது கட்டணக் கச்சேரியில் பாடுவதற்கான அனுமதி பற்றியது. எனவே பொருளுரிமை பற்றியது. பாடகர் பாட்டைச் சிதைத்தார் என்று எவரும் சொல்லவில்லை. தார்மிக உரிமை தெளிவாக மேலெழுந்தது 2019 ஜூன் 4ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி அனிதா சுமந்த் அளித்த தீர்ப்பில்தான். தயாரிப்பாளர் வழியாக இசைநிறுவனங்கள் ஒலிப்பதிவின்மேல் பெற்ற உரிமை ஒருபுறம் இருக்க, இசையை ஆக்கியவர் என்ற முறையில் இளையராஜாவுக்கு 57ஆம் பிரிவு தரும் சிறப்புரிமை நீங்காமல் நிற்கிறது என்று அத்தீர்ப்பு கூறிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களின் 4,500 பாடல்களைத் தழுவிய வழக்கு அது. 1977இல் தயாரிப்பாளர் பக்கம் சாய்ந்த தராசுத்தட்டில் 57ஆம் பிரிவு என்னும் படிக்கல்லை எடுத்து வைத்தவர் பண்ணைப்புரத்துக்காரர் என்பதில் இவ்வட்டாரத்தார் மகிழ்வதில் தவறில்லை. மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியும் சேர்ந்து வருகிறது.

அக்கேள்வியை நீதிமன்றமே கேட்டது. அத்தீர்ப்பின்மீது எக்கோ நிறுவனம் செய்த மேல்முறையீடு 2024 ஏப்ரலில் விசாரணைக்கு வந்தபோது, பாடல் வரியின்றிப் பாட்டேது, பாடலாசிரியரும் இவ்வாறே உரிமை கோரினால் என்னாகும் என்று நீதிபதிகள் வினவினர். அதையொட்டி இசை பெரிதா மொழி பெரிதா என்று மேடைகளிலும் ஏடுகளிலும் எழுந்த வாக்குவாதம் பயனற்றது. சட்டம் இரண்டையும் இரு தனிப் படைப்புகளாகவே கொள்கிறது. மெட்டுக்கு ஆக்கியோன் ஒருவர், சொல்லுக்கு ஆக்கியோன் ஒருவர்; இருவருக்கும் 57ஆம் பிரிவு உண்டு. வேடிக்கை என்னவெனில் அவ்விரு தரப்பாரையும் ஒரே மலையடிவாரமே ஈன்றது. போடி மீனாட்சிபுரத்து நா. காமராசன், பெரியகுளத்து மு. மேத்தா, வடுகபட்டி வைரமுத்து ஆகிய மூவரும் புதுக்கவிதையிலிருந்து திரைப்பாட்டுக்குச் சென்றவர்கள்.

இவர்களுள் நா. காமராசனைச் சிறிது நின்று நினைக்க வேண்டும். 'கறுப்பு மலர்கள்' தந்த அக்கவிஞர் 1975இல் வந்த 'பல்லாண்டு வாழ்க' முதலிய படங்களுக்குப் பாட்டெழுதினார். 2017இல் மறைந்தார். அவர் கவிதை நூலில் பெயர் அட்டையிலேயே இருக்கிறது. எவரும் அழிக்க இயலாது. அவர் திரைப்பாட்டைக் கேட்பவர்களிலோ பலர் அதை எழுதியவர் யாரென்று அறியாமலே கேட்கின்றனர். நல்ல பாட்டென்றால் கண்ணதாசன் என்றும், பொதுவுடைமை பேசினால் பட்டுக்கோட்டையார் என்றும் ஏற்றிச் சொல்லும் வழக்கம் ஊன்றிவிட்டது. கண்ணதாசனுக்கு இது புகழ் சேர்ப்பதுமன்று. பிறர் பிள்ளையைக் கொண்டு நிரப்ப வேண்டிய வறுமை அவருக்கு இல்லை. இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர் என்பனவற்றோடு பாடலை எழுதியவர் பெயரையும் மறவாமல் சொன்ன காலத்தில், சட்டம் அறியாமலே ஓர் உரிமை காக்கப்பட்டது. கைப்பேசியில் பாட்டுக் கேட்கும் இக்காலத்திலோ பல தளங்களில் பாடலாசிரியர் பெயர் தேடினாலும் அகப்படுவதில்லை. தம் வரி சிதைந்ததென்று வழக்காட வேண்டிய கவிஞர் மிகச் சிலர். தம் பெயர் விடுபட்டதென்று கேட்க வேண்டியவரே பலர். ஆயினும் வழக்குமன்றம் வரை சென்றவை பெரும்பாலும் முன்னவையே.

2025 செப்டம்பரில் 'குட் பேட் அக்லி' என்ற படத்தில் இளையராஜாவின் பழைய பாடல்கள் பயன்படுத்தப்பட்டதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அனுமதியின்றி எடுத்ததோடு உருமாற்றியும் விட்டனர் என்பது அவர் முறையீடு. அப்பாடல்களுள் ஒன்று 1996இல் வந்த ஒரு கிராமியப் படத்தினது. அப்படத்தின் பெயர் 'நாட்டுப்புறப் பாட்டு'.

பெயர் தற்செயலாக அமைந்ததே. என்றாலும் அது கிளப்பும் எண்ணத்தைத் தள்ளிவிட முடியாது. விடியுமுன் போடியிலும் தேவாரத்திலும் ஜீப்பில் ஏறி மலைத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கச் செல்லும் பெண்களின் பாட்டுக்கு ஆக்கியோன் யார்? ஏலச்செடியில் காய் பிடிப்பது தலைமேலன்று, அடியில், மண்ணோடு படரும் கொத்துகளில். நாளெல்லாம் குனிந்தும் குந்தியும் செய்யும் வேலை அது. தாலாட்டும் ஒப்பாரியும் கங்காணியை ஏசும் பாட்டும் அவ்வேலையின் ஊடே வாய்மாறி வருகின்றன. ஒருத்தி ஓரடி சேர்ப்பாள். மற்றொருத்தி ஓரடி விடுவாள். 57ஆம் பிரிவு 'ஆக்கியோன்' என்ற சொல்லில் தொடங்குவது. ஆக்கியோன் எனச் சுட்ட ஒருவர் இல்லாத பாட்டுக்கு அதில் இடமில்லை. ஆகவே அப்பாட்டைத் திரைக்கோ தொலைக்காட்சிக்கோ எடுத்து, 'எழுதியவர்' என்ற இடத்தில் வேறொரு பெயரை இடுபவரைத் தடுக்கவும் வழியில்லை. யுனெஸ்கோவும் உலக அறிவுசார் சொத்து அமைப்பும் 1982இல் வகுத்த மாதிரி விதிகள், நாட்டார் வழக்காறுகளை எடுத்தாளும்போது அவை எந்தச் சமூகத்தின், எந்த இடத்தின் செல்வம் என்பதைக் குறிப்பிட வேண்டுமென்று கூறின. அவை பரிந்துரைகளே, இந்தியச் சட்டத்தில் இன்னும் இடம்பெறவில்லை.

சட்டம் சொல்லுமுன்னே தமிழில் ஒருவர் அதனைச் செய்து காட்டினார். நா. வானமாமலை 1964இல் வெளியிட்ட 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' தொகுப்பில் பாடல்களின் கீழே சேகரித்தவர் பெயர், இடத்தின் பெயர், பல இடங்களில் உதவியவர் பெயரும் காணப்படும். செம்புலப்பெயல்நீராருக்குப் பெயர் தந்த தொகையாளரின் வழித்தோன்றல் என்று அவரைச் சொல்லலாம். அவருக்குப் பின் நாட்டுப்பாடல் திரட்டிய பலர் இவ்வொழுங்கைக் கைவிட்டு, 'தொகுத்தவர்' என்ற ஒரே பெயரை அட்டையில் பொறித்துக்கொண்டு அமைந்தனர்.

ஏலமலைப் பாட்டுகளைத் திரட்ட முற்படுவோர் இன்று ஒலிப்பதிவுக் கருவியோடு செல்கின்றனர். அங்கே கிருஷ்ணய்யர் 1977இல் கேட்டு, நாடாளுமன்றம் 2012இல் கொடுத்த 38ஆ பிரிவு காத்திருக்கிறது. பாட்டுக்கு ஆக்கியோன் இல்லாதிருக்கலாம். பாடியவர் எதிரே அமர்ந்திருக்கிறார். சட்டத்தின் கண்ணில் அவர் நிகழ்த்துகலைஞர். பதிவின்மேலுள்ள உரிமையை அவர் எழுதிக் கொடுத்துவிட்டாலும், பாடியவர் தாமென்று குறிக்கப்படும் உரிமையும், தம் பாட்டைத் தம் புகழுக்கு ஊறு நேரும்படி வெட்டித் திரித்தால் தடுக்கும் உரிமையும் அவரிடமே நிற்கும். மேடையேறியவர்க்கும் இசைத்தட்டில் பாடியவர்க்கும் எத்துணை உண்டோ அத்துணையே, பூப்பாறைச் சரிவில் காய்ப்பையை இடுப்பில் கட்டியபடி பாடும் பெண்ணுக்கும் உண்டு. பதிவின் முகப்பில் ஊர்ப்பெயருக்கு மேலே அவர் பெயரை முதலில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.